நெரிசலின் எல்லை

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 வீதி, மாத்தளை, நாவுல, தம்புள்ளை ஆகிய ஊர்களின் வழியே மாத்தளை மாவட்டத்தை ஊடறுத்துச் செல்கின்றது. தம்புள்ளையின் மொத்தச் சந்தைக்கு மரக்கறி ஏற்றிச் செல்லும் லொறிகள் அவ்வீதியிற் பல. முன்னே ஒரு தடை நேர்ந்தால் வரிசை தேங்கும். வண்டிகள் வடக்கு நோக்கிச் செல்ல, நெரிசலின் வாலோ தெற்கு நோக்கி நீளும்.

1955ஆம் ஆண்டில் லைட்ஹில், விதம் என்னும் கணித அறிஞர் இருவர், வண்டித் திரளை ஆற்று வெள்ளம்போற் கருதி, ஐதான பகுதி நெருங்கிய பகுதியைச் சந்திக்கும் எல்லையை அதிர்ச்சி அலையென விளக்கினர். ஆயின் வீதியில் ஓடுவது நீரன்று, தனித்தனி வண்டிகள். அவற்றை ஒவ்வொன்றாக நோக்கின், அவ்வெல்லையின் அகலம் யாது?

இதற்கு விடைகாண உதவியது, 1970இல் ஃபிராங்க் ஸ்பிற்சர் ஆராய்ந்த 'விலக்கல் முறை'. வரிசையான கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு துகள். முன் கட்டம் வெறுமையாயின் துகள் தற்செயலான கணத்தில் அதனுள் தாவும், அன்றேல் நிற்கும். இத்துறையிற் பெரும்பங்காற்றியவருள் சென்னையிற் பிறந்து, 2007இல் ஏபல் பரிசு பெற்ற சீனிவாச வரதனும் ஒருவர்.

பின்புறம் நூறு கட்டங்களுக்கு 30 துகள்களும், முன்புறம் 90 துகள்களும் உளவெனக் கொள்க. தடையற்ற துகள் ஐந்து கட்டம் முன்செல்லும் நேரத்தில், எல்லை ஒரு கட்டம் பின்வாங்கும்.

எல்லையைக் கண்டுபிடிக்க அறிஞர் 'இரண்டாம் வகுப்புத் துகள்' ஒன்றை இடுவர். (புகைவண்டிப் பெட்டியின் வகுப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை.) வெற்றிடம் கண்டால் அது முன்னேறும்; பின்வரும் சாதாரணத் துகளுக்கோ இடம் மாற்றி வழிவிடும். அதே நேரத்தில் ஐதான பகுதியில் அது சராசரியாக இரண்டு கட்டம் முன்செல்லும். நெரிசலிலோ நான்கு கட்டம் பின்தள்ளப்படும். எங்கே இட்டாலும் எல்லையையே அது வந்தடையும்.

ஃபெராரி, கிப்னிஸ், சாடா ஆகியோர் 1991இலும், டெரிடா முதலியோர் 1993இலும் நிறுவியது வியப்புக்குரியது. அத்துகளிலிருந்து நோக்கின் எல்லை கூர்மையானது; சில கட்டங்களுக்குள் அடர்த்தி மாறிவிடும். மங்கலாவது எல்லையன்று, அதன் இருப்பிடமே தற்செயலாக அலைகின்றது. காலம் நான்கு மடங்கானால் அவ்வலைவு இரு மடங்காகும்.

லொறிச் சாரதி துகளல்லர்; முன்னே நோக்கி வேகம் தணிப்பவர். எனினும் வளைவில் அவர் பார்வை எட்டாது. பல நாட்களின் கணக்கைக் கூட்டி வரைந்த கோடு மெல்ல மெல்ல ஏறுவது. சாரதியோ வெறும் வீதியை அடுத்து உடனே நிற்கும் வண்டியைக் காண்பார். சராசரி எல்லையிலே எச்சரிக்கைப் பலகையை நாட்டினால், ஏறத்தாழப் பாதி நாட்களில் நெரிசலின் வால் அதனைத் தாண்டிப் பின்னே நிற்கும்.