தங்கவயலின் நகரசபைத் தேர்தல்

கோலார் தங்கவயலில் சுரங்கம் நடந்த காலத்தில் தொழிலாளியின் வீடு, குடிநீர், மருத்துவமனை யாவும் சுரங்க நிர்வாகத்தின் பொறுப்பில் இருந்தன. குறை நேர்ந்தால் அவன் தொழிற்சங்கத்தை நாடினான். ஆதலால் தேர்தலிலும் சங்கமும் கட்சிக் கொடியுமே முன்னின்றன. கம்யூனிஸ்ட், குடியரசுக் கட்சி, அண்ணா தி.மு.க. ஆகிய மூன்றையும் இத்தொகுதி சட்டசபைக்கு அனுப்பியதுண்டு.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் குழாய்க்கும் சாக்கடைக்கும் தெருவிளக்குக்கும் ராபர்ட்சன்பேட்டை நகரசபையை நாட வேண்டியதாயிற்று. அதன் வார்டுகள் 35. 2019-ஆம் ஆண்டுத் தேர்தலில் சுயேச்சைகள் பலர் வென்றனர். கொடியைப் பார்த்து வாக்களித்தவர், அழைத்தால் வரும் ஆளைத் தேடலானார் என்பதே இதன் பொருள்.

இம்மாறுதலில் ஒரு குறையும் உண்டு. விடியுமுன் இரயிலேறிப் பெங்களூரில் உழைத்து இரவில் திரும்புவோர் உறுப்பினரைக் காண்பதே அரிது. அவர்களுக்கு எஞ்சியிருப்பது வாக்கு ஒன்றே.

வெளிமாநிலங்களில் வாழும் நேயர்களுக்கும் இது பொருந்தும். உள்ளாட்சி வாக்கு மொழியைக் கேட்பதில்லை, குடியிருப்பையே கேட்கிறது. பிறந்த ஊரின் பட்டியலில் பெயரை வைத்துக்கொண்டு, வாழும் ஊரின் குழாயடியில் நிற்பவர் தம் குறையை எவரிடம் உரிமையோடு கேட்பார்?