தெளிந்த தண்ணீர் எல்லாம் நல்ல தண்ணீரா?



இந்த மேசையைப் பாருங்கள். இரண்டு கண்ணாடித் தம்ளர்கள் இருக்கின்றன. இரண்டிலும் தண்ணீர் இருக்கிறது. ஒன்றில் இருப்பது கொதித்து ஆறிய தண்ணீர். மற்றதிலும் அதே தண்ணீர்தான். ஆனால் அதில் சாக்கடை நீர் ஒரு சொட்டு விட்டிருக்கிறேன்.

எது நல்ல தண்ணீர்? எது கெட்ட தண்ணீர்? கண்ணால் பார்த்துச் சொல்ல முடிகிறதா? முடியவில்லை அல்லவா? எனக்கும் முடியாது. கிருமி கண்ணுக்குத் தெரியாது. இதைத்தான் இன்று பேசப் போகிறோம்.

நம் மட்டாஞ்சேரியைச் சுற்றி எங்கும் தண்ணீர். ஒரு பக்கம் கடல். ஒரு பக்கம் காயல். ஆனால் குடிக்க முடியுமா? எல்லாம் உப்பு. கிணறு தோண்டினாலும் உப்பு கரிக்கும். அந்தக் காலத்தில் ஆலுவாவிலிருந்து வள்ளத்தில் ஆற்றுத் தண்ணீர் வரும். அதை விலை கொடுத்து வாங்கிக் குடித்தார்கள். பிறகு பெரியாற்றங்கரையில் சொவ்வராவில் நீர்நிலையம் வந்தது. குழாய் வந்தது.

இப்போது பெரியாற்றுத் தண்ணீர் ஆலுவாவில் சுத்தமாகிறது. மூவாற்றுப்புழை ஆற்றின் தண்ணீரைப் பாழூரில் எடுத்து, மரடு நிலையத்தில் சுத்தம் செய்கிறார்கள். மேற்குக் கொச்சிக்கு அந்தத் தண்ணீரும் வருகிறது. இந்த வேலையைச் செய்வது கேரள நீர் ஆணையம். நாம் ‘வாட்டர் அத்தாரிட்டி’ என்று சொல்வது அதைத்தான். அது 1984-ஆம் ஆண்டு ஏற்பட்டது.

நிலையத்தில் என்ன செய்கிறார்கள்? முதலில் படிகாரம் போல ஒரு பொருளைக் கலக்கிறார்கள். அழுக்கு திரண்டு அடியில் தங்கும். பிறகு மணல் வழியாக வடிகட்டுகிறார்கள். கடைசியில் குளோரின் சேர்க்கிறார்கள். குளோரின் கிருமியைக் கொல்லும். குழாயில் சில சமயம் மருந்து வாசனை வருகிறதே, அதுதான் குளோரின். அந்த லேசான வாசனைக்குப் பயப்பட வேண்டாம். அது காவல்காரன் இருக்கிறான் என்பதற்கு அடையாளம். கடைசி வீட்டுக் குழாயிலும் ஒரு லிட்டர் தண்ணீரில் 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும். இது இந்தியத் தர விதி.

அப்படியானால் தண்ணீர் எங்கே கெடுகிறது? பெரும்பாலும் வழியிலேதான் கெடுகிறது.

நம் தெருக்களில் பல இடங்களில் குழாய் சாக்கடை ஓரமாகவே போகிறது. சில இடங்களில் சாக்கடைக்குள்ளேயே போகிறது. குழாயில் தண்ணீர் வேகமாக ஓடும்போது விரிசல் வழியே தண்ணீர் வெளியே கசியும். தண்ணீர் நின்றுவிட்டால் என்ன ஆகும்? குழாய் காலியாகும். அப்போது அதே விரிசல் வழியே சாக்கடை உள்ளே போகும். மறுபடி தண்ணீர் விடும்போது அது நம் குடத்துக்கு வந்துவிடும்.

சிலர் தெருக்குழாய் இணைப்பில் நேராக மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள். அது சட்டப்படி குற்றம். அது தண்ணீரை மட்டுமா உறிஞ்சும்? ஓட்டை வழியாகச் சாக்கடையையும் உறிஞ்சும். தனக்கும் கேடு, பக்கத்து வீட்டுக்கும் கேடு.

2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பாழூரில் மோட்டார்கள் பழுதாயின. மேற்குக் கொச்சி வாரக்கணக்கில் தண்ணீருக்குத் தவித்தது. அதுபோலத் தண்ணீர் நின்று வரும் நாட்களில்தான் கூடுதல் கவனம் வேண்டும். முதலில் வரும் தண்ணீரைக் குடிக்கப் பிடிக்காதீர்கள். தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

‘இது ஏழைகள் தெருவில் நடக்கிற கதை’ என்று நினைக்கிறீர்களா? இல்லை. 2024 ஜூன் மாதம் நம் மாவட்டத்தில் காக்கநாட்டில், பெரிய அடுக்குமாடி வீடுகளில் நூற்றுக்கணக்கானோருக்கு வாந்தியும் பேதியும் வந்தன. அங்கே தண்ணீரில் மலக்கிருமி இருந்தது. அதே ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் பெரும்பாவூர் பக்கம் வேங்ஙூர் பஞ்சாயத்தில் குடிநீர் வழியாக மஞ்சள் காமாலை பரவியது. 200-க்கும் மேற்பட்டோர் படுத்துவிட்டார்கள். உயிரும் போனது.

ருசியை வைத்துத் தண்ணீரை எடை போட முடியுமா? அதுவும் முடியாது. 1854-ஆம் ஆண்டு லண்டன் நகரில் ஒரு தெருவில் காலரா பரவியது. அந்தத் தெருவின் அடிகுழாய்த் தண்ணீர் ருசியானது என்று பெயர் பெற்றது. வேறு பகுதிக்குக் குடிபோன ஒரு அம்மாள், அந்த ருசிக்காகவே அதைத் தன் வீட்டுக்கு வரவழைத்துக் குடித்தார். அவரும் காலராவில் இறந்தார். ஜான் ஸ்னோ என்ற டாக்டர், இறந்தவர்கள் எந்தத் தண்ணீரைக் குடித்தார்கள் என்று வீடு வீடாக விசாரித்தார். பெரும்பாலானவை அந்தக் குழாயையே காட்டின. குழாயின் கைப்பிடியைக் கழற்ற வைத்தார். பக்கத்திலிருந்த மலக்குழியின் கசிவு அந்தக் கிணற்றில் கலந்தது பிறகு தெரிந்தது.

சரி, நாம் என்ன செய்யலாம்?

முதலில், தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். சூடானால் போதாது. தளதளவென்று கொதிக்க வேண்டும். கொதி வந்த பிறகும் ஒரு நிமிடம் விடுங்கள்.

இங்கே நாம் ஒரு தவறு செய்கிறோம். சீரகம், சுக்கு, பதிமுகம் போட்டுத் தண்ணீர் கொதிக்க வைக்கிறோம். நல்ல பழக்கம்தான். ஆனால் சூடு ஆற நேரமில்லை என்று பச்சைத் தண்ணீரைக் கலக்கிறோம். கல்யாண வீட்டிலும் ஓட்டலிலும் இது நடக்கிறது. சிவப்பாக இருப்பதால் கொதித்த தண்ணீர் என்று நம்பிக் குடிக்கிறோம். கலந்த அந்தப் பச்சைத் தண்ணீரில் கிருமி இருந்தால், கொதிக்க வைத்தது அத்தனையும் வீண். நிறம் கிருமியைக் கொல்லாது. தண்ணீர் தானாக ஆறட்டும்.

அடுத்து, பாத்திரத்தை மூடி வையுங்கள். கையை விட்டு மொள்ளாதீர்கள். நீளக் கைப்பிடி உள்ள கரண்டியால் எடுங்கள். மேல்தொட்டியை அடிக்கடி கழுவுங்கள்.

ஒன்றை மறக்கக் கூடாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். உப்பு போகாது. ஆலைக் கழிவின் ரசாயனமும் போகாது. ஏலூர், எடையாறு பகுதியில் 2024 மே மாதம் பெரியாற்றில் மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தன. நம் தண்ணீரை எடுக்கும் ஆலுவா, அந்த இடத்துக்கு மேலே இருக்கிறது. ஆனாலும் ஆற்றைக் காப்பது நம் எல்லோருக்கும் உள்ள கவலை. அதை அடுப்பில் வைத்துத் தீர்க்க முடியாது. அரசைத்தான் கேட்க வேண்டும்.

குழந்தைக்குப் பேதி ஆனால் தண்ணீர் கொடுப்பதை நிறுத்தாதீர்கள். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. கரண்டியைத் தலைதட்டி அளக்க வேண்டும். இதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். சோர்ந்து போனால், கண் குழி விழுந்தால், மலத்தில் ரத்தம் வந்தால், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கடைசியாக ஒரு வேலை. அது நம் எழுத்துக்கு ஏற்ற வேலை. 1990-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள், இந்தியாவிலேயே முதல் முழு எழுத்தறிவு மாவட்டம் என்ற பெயரை நம் எர்ணாகுளம் பெற்றது. அந்த எழுத்து எதற்கு? கையெழுத்துப் போட மட்டுமா?

தண்ணீர் கலங்கி வந்தால், நாற்றம் அடித்தால், வீட்டில் ஒரு நோட்டு வைத்து எழுதுங்கள். எந்த நாள்? எத்தனை மணி? எந்தத் தெரு? எத்தனை வீடுகளில் வந்தது? யாருக்கு வயிறு கெட்டது? வாட்டர் அத்தாரிட்டியின் 1916 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். புகார் எண்ணைக் கேட்டு அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு தெருவார் எல்லோரும் சேர்ந்து மனு எழுதுங்கள். கவுன்சிலரிடமும் ஒரு நகல் கொடுங்கள். தண்ணீரைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். 100 மில்லி லிட்டரில் மலக்கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. இது சலுகை இல்லை. விதி.

ஜான் ஸ்னோ செய்ததும் இதுதான். அவரும் வீடு வீடாகக் கேட்டு எழுதிக்கொண்டார். நம்மாலும் அது முடியும்.

இதோ, இந்த இரண்டாவது தம்ளர்த் தண்ணீரை நான் கீழே கொட்டிவிடுகிறேன். இதில் சாக்கடை கலந்தது எனக்குத் தெரியும். நான்தானே கலந்தேன்? உங்கள் வீட்டுக் குழாயில் கலந்தால் யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். அதனால் கொதிக்க வையுங்கள், மூடி வையுங்கள், எழுதி வையுங்கள்.