தறிக்கும் சாலைக்கும் இடையே

(கழகத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)



‘காஞ்சி நகரின் போக்குவரத்தும் வாணிகமும்’ என்னும் பொருளை எனக்குத் தந்திருக்கிறார்கள். கல்விக்காக எழுந்த ஒரு கழகத்தின் விழாவில் பேருந்தைப் பற்றியும் புகைவண்டியைப் பற்றியும் என்ன பேச்சு என்று சிலர் எண்ணக்கூடும். அவர்களை நான் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். காஞ்சிப் பட்டு எதனால் ஆகியது என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள்.

பட்டு நூல் இங்கே விளைவதன்று. அதன் பெரும்பகுதி கருநாடக மாநிலத்திலிருந்து வருகிறது. இராமநகரம், சித்லகட்டா முதலிய ஊர்களில் பட்டுக்கூட்டுச் சந்தைகள் கூடுகின்றன. அங்கே கூட்டின் விலை ஏறினால் இங்கே தறிக்காரனின் அடுப்பு அணைகிறது. ஜரிகை கூர்ச்சரத்துச் சூரத்து நகரிலிருந்து வருகிறது. தமிழ்நாடு அரசின் ஜரிகை நிறுவனம் ஒன்று காஞ்சியிலேயே உண்டு என்றாலும், சூரத்தை நம்பாமல் இத்தொழில் நடந்ததில்லை. நெய்த சேலையாவது இவ்வூரில் தங்குகிறதா? அதுவும் தியாகராய நகருக்கும், பெங்களூருக்கும், கடல் கடந்த நாடுகளுக்கும் போய்விடுகிறது. நமக்கென்று இருந்தவை இரண்டே: நீரும் கைத்திறனும். பாலாற்று நீரில் தோய்த்தால் சாயம் தனி ஒளி பெறும் என்று பழைய சாயக்காரர்கள் சொல்வார்கள். அந்தப் பாலாற்றில் இன்று மணல் தெரிகிற அளவுக்கு நீர் தெரிவதில்லை. ஆகவே எஞ்சியிருப்பது கைத்திறன் ஒன்றே. மற்றவை யாவும் வண்டி ஏறி வருகின்றன, வண்டி ஏறிப் போகின்றன.

இதனை நன்கு உணர்ந்ததாலோ என்னவோ, இந்நகருக்கு இருப்புப்பாதை மிக முன்னதாகவே வந்துவிட்டது. தென்னாட்டின் முதல் பயணிகள் புகைவண்டி இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை ஓடியது 1856 ஆம் ஆண்டில். ஒன்பதே ஆண்டுகளில், 1865 இல், அரக்கோணத்திலிருந்து காஞ்சிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பாதை போடப்பட்டது. இந்தியன் டிராம்வே என்னும் கம்பெனியார் அதனைச் செலவைக் குறைத்து, மூன்றரை அடி அகலத்தில் அமைத்தார்கள். சோலையார்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு 1864 இலேயே பாதை திறந்துவிட்டிருந்தது. பம்பாய்க்குச் செல்லும் பாதை 1871 இல் இராய்ச்சூரில் இணைந்தது. இவை எல்லாவற்றுக்கும் அரக்கோணமே வாயில். பெங்களூர்ப் பட்டும் பம்பாய் வழி வரும் ஜரிகையும் அரக்கோணத்தில் இறங்கினால் காஞ்சிக்கு அரை நாள் தொலைவுகூட இல்லை.

ஆனால் அங்கே ஒரு முட்டுக்கட்டை இருந்தது. பெரிய பாதையின் அகலம் ஐந்தரை அடி. காஞ்சிப் பாதையோ மூன்றரை அடி. 1878 இல் மாற்றியமைத்த பின்னரும் ஒரு மீட்டர் அளவே. ஒரு பாதையின் வண்டி மற்றதில் ஓடாது. ஒவ்வொரு மூட்டையையும் அரக்கோணத்தில் இறக்கி, மறுபடி ஏற்ற வேண்டும். ஏற்றுக்கூலி ஒன்று, இறக்குகூலி ஒன்று, காத்திருக்கும் நாள் ஒன்று, களவு போவது ஒன்று. பிற்காலத்தில் செங்கற்பட்டு–அரக்கோணம் பாதை முழுதும் அகலப்பாதையான பிறகே அந்தத் தடை நீங்கிற்று. அதற்குள் சரக்கு பெரும்பாலும் லாரிக்கு மாறிவிட்டது. பெங்களூர் நெடுஞ்சாலை நகரின் வடக்கே, பொன்னேரிக்கரை வழியாகப் போவதுதான் இன்று காஞ்சி வாணிகத்தின் உயிர்நரம்பு.

பாதையின் அகலத்தைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டு, அந்தப் பாதையில் யார் நடக்கலாம் என்பதைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்த அவையில் நான் நிற்பதற்குப் பொருளில்லை. நம்முடைய பழைய செங்கற்பட்டு மாவட்டத்தின் கோழியாளம் என்னும் சிற்றூரில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள். 1924 ஆம் ஆண்டு சென்னைச் சட்டமன்றத்தில் அவர் கொண்டுவந்த தீர்மானம் யாது? எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் எந்தப் பொதுச் சாலையிலும் தெருவிலும் நடக்கலாம், பொதுக் கிணற்றையும் குளத்தையும் அலுவலகத்தையும் அணுகலாம் என்பது. புகைவண்டி வந்து அறுபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, நடப்பதற்கு ஒரு தீர்மானம் வேண்டியிருந்தது! பேருந்துகள் வந்தபோதும் இதே கதைதான். நம் மக்களை ஏற்ற மறுத்த பேருந்துகளின் உரிமத்தைப் பறிப்போம் என்று 1920களின் பிற்பகுதியில் இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராக இருந்த டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியனார் ஆணையிட்ட பிறகே அங்கே கதவு திறந்தது.

இது தமிழகத்தோடு நின்றதன்று. அண்ணல் அம்பேத்கர் தம் சிறுவயது நிகழ்ச்சி ஒன்றை எழுதியிருக்கிறார். 1901 இல், ஒன்பது வயதுச் சிறுவனாக, அண்ணன் முதலிய உறவுப் பிள்ளைகளுடன் தந்தையைக் காணப் புறப்பட்டார். புகைவண்டி அவர்களை ஏற்றிக்கொண்டது. மசூர் நிலையத்தில் இறங்கிய பிறகு, வெளியே நின்ற மாட்டுவண்டிக்காரர்கள் எவரும் ஏற்றவில்லை. கடைசியில் ஒருவன் இருமடங்கு கூலிக்கு இசைந்தான். அதுவும் பிள்ளைகளே வண்டியை ஓட்ட, தான் பக்கத்தில் நடந்து வருவதாக ஏற்பாடு. இருப்புப்பாதை பயணச்சீட்டைக் கேட்டது. மாட்டுவண்டி சாதியைக் கேட்டது. கூலியும் இரட்டிப்பாயிற்று. வாணிகம் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைக் குறித்துக்கொள்ள வேண்டும். வண்டி யாருடைய கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே வாடகை அமைகிறது.

இனி நம்மூர் நெசவுக்கு வருகிறேன். நெசவு நமக்குப் புதிதன்று. நம் மக்களுள் கோலியர் என்னும் பிரிவினர் தலைமுறை தலைமுறையாகப் பருத்தித் துணி நெய்தவர்கள். பட்டுத் தறி மட்டுமே பிற்காலத்தில் கைக்கு வந்தது. காஞ்சியைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் இன்று பல வகுப்பாரும் தறியில் இருக்கிறார்கள், நம்மவரும் இருக்கிறார்கள். பாவும் ஊடையும் ஜரிகையும் முதலாளியிடமிருந்து வரும். நெய்து முடித்த சேலையை அறுத்து எடுத்துக்கொண்டு நகரத்துக்குப் போக வேண்டும். இருபது நாளில் ஒரு சேலை முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாவு வாங்க ஒரு நாள். கொடுக்க ஒரு நாள். ‘நாளை வா’ என்றால் இன்னும் ஒரு நாள். பேருந்துக் கட்டணம் வேறு. இந்த மூன்று நாளுக்குக் கூலி தருவார் எவரும் இலர். கோர்வைச் சேலை என்றால் கூட நிற்கும் துணையாளின் நாளும் சேர்ந்தே போகும். மறுபுறம், அதே சேலை கடையில் விற்கும் விலையில் போக்குவரத்துச் செலவு, தரகு, கடை வாடகை அனைத்தும் ஏறியிருக்கும். கோவிலுக்கு வரும் வெளியூர்க் குடும்பத்தை நிலையத்திலிருந்து கடைக்கு அழைத்துச் செல்லும் ஆட்டோக்காரருக்குக்கூட அதில் ஒரு பங்கு உண்டு என்பதை ஊரறியும். அவரை நான் குறை சொல்லவில்லை. அவர் பிழைப்பு அது. சேலையை நெய்தவனுக்கு அந்தப் பங்கு ஏன் இல்லை என்பதே என் கேள்வி. தறிக்கும் சாலைக்கும் நடுவே நிற்பவனுக்கே ஊதியம் மிகுதி. நெசவாளி தன் தெருமுனைக்கு அப்பால் உள்ளதை அறியாத வரையில் அவனுக்குக் கூலிதான்.

கூட்டுறவுச் சங்கங்கள் இதை ஓரளவு மாற்றின. சங்கங்களுக்குப் பட்டு நூல் வழங்கும் ‘டான்சில்க்’ இணையத்தின் தலைமையகமே காஞ்சியில்தான் இருக்கிறது. சங்கத்தில் உறுப்பினராக இருப்பவர் தம் பங்கைக் கேட்டுப் பெறலாம். நம்மவருள் பலர் உறுப்பினராகவே இல்லை. தனியார் தறியில் கூலிக்கு இருக்கிறார்கள்.

இளைஞர்களோ தறியை விட்டே போய்க்கொண்டிருக்கிறார்கள். இருங்காட்டுக்கோட்டையில் 1998 இல் மோட்டார் வாகனத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கிய பிறகு, ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் வளர்ந்தன. விடியுமுன் நிறுவனப் பேருந்து சிற்றூருக்கே வந்து ஏற்றிச் செல்கிறது. தீண்டாமை பார்க்காத வேலை, மாதம் பிறந்தால் சம்பளம்: இதனை நான் இழிவாகப் பேச மாட்டேன். ஆனால் 2006 இல் வந்த கைப்பேசித் தொழிற்சாலை ஒன்று 2014 இல் மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் வீடு திரும்பியதை நாம் கண்டோம். சாலை வேலையைக் கொண்டுவருவது போலவே கொண்டும் போகும்.

நிலத்தையும் கொண்டு போகும் என்பதையும் சொல்லியாக வேண்டும். 2022 ஆகஸ்டில் பரந்தூரில் விமான நிலையம் என்ற அறிவிப்பு வந்தது. ஏகனாபுரம் மக்கள் அன்று தொடங்கிய போராட்டத்தை நாடறியும். சாலையோ விமானத்தளமோ வருகிறது என்ற செய்தி வந்தவுடனே நிலத்தின் விலை ஏறுகிறது. ஏறுவது தெரியாமல் முதலில் விற்பவர் நம்மவராக இருக்கக் கூடாது. செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் டிரெமன்ஹீர் எழுதிய அறிக்கையின் பயனாக 1892 இல் நமக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலத்தை, நம் வகுப்பாரல்லாத பிறருக்கு விற்பது செல்லாது. வீட்டில் பழைய பட்டா இருந்தால் எடுத்துப் பாருங்கள். இல்லையேல் வட்டாட்சியர் அலுவலகத்துப் பதிவேட்டைப் பாருங்கள்.

என் வேண்டுகோள் சிலவற்றைக் கூறி அமைகிறேன். நம் பிள்ளைகள் ஓட்டுநர் உரிமம் பெறட்டும். சரக்கு வண்டி வாங்க ‘தாட்கோ’ வழியே மானியத்துடன் கடன் உண்டு. பத்துத் தறிக்காரர்கள் சேர்ந்தால் வாரம் ஒருமுறை ஒருவரே எல்லாருடைய சேலையையும் கொண்டுபோய்க் கொடுத்துப் பாவையும் வாங்கி வரலாம். ஒன்பது பேருடைய நாள் மிச்சம். 2021 முதல் மகளிர்க்குச் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணமில்லை. ஆகவே அந்த ஒருவர் பெண்ணாக இருந்தால் செலவும் மிச்சம், கணக்கும் வீட்டுக்கு ஒழுங்காக வந்து சேரும் என்பது என் சொந்தக் கருத்து. இங்கே நடக்கும் மாலை வகுப்பில் வாரம் ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். சரக்குச் சீட்டு எழுதுவது எப்படி, அஞ்சல் பொதிக்குக் கட்டணம் எவ்வளவு, இன்றைய நாளில் இராமநகரத்தில் கூட்டின் விலை என்ன, புவிசார் குறியீடு பெற்ற காஞ்சிப் பட்டை நேரே வாங்குவோருக்கு விற்பது எப்படி என்று கற்றுக்கொடுங்கள். முதல் நான்கு வாரமும் நானே வந்து நடத்துவேன். பொறுப்பாளர்கள் எந்தக் கிழமை என்று மட்டும் சொன்னால் போதும்.