பாரம் எங்கே இறங்குகிறது?



கரிகாலனிலிருந்து தொடங்குகிறேன். பகைவர் வைத்த தீயிலிருந்து தப்பும்போது கால் கருகியது என்று பழம்பாடல்கள் சொல்லும் அந்தச் சோழனை ஓவியர்களாகிய நாம் எத்தனை முறை வரைந்திருக்கிறோம்! காவிரிக் கரையில் நிற்கிறான், யானைமேல் வருகிறான், வெண்ணிப் பறந்தலையில் வாள் சுழற்றுகிறான். அந்தக் கால்களைப் பாருங்கள். பெரும்பாலான படங்களில் ஒரு சின்னத் தழும்புகூட இருக்காது. அடுத்து, ராமாயணத்து மந்தரையை நினைத்துப் பாருங்கள். கூன் இல்லாத மந்தரையை யாராவது பார்த்ததுண்டா? வீரனின் உடம்பிலிருந்து குறையை அழித்துவிட்டோம். சூழ்ச்சிக்காரியின் உடம்பில் அதையே பெரிதாக எழுதினோம். வஞ்சகம் என்றால் கூன், இரக்கம் என்றால் ஊன்றுகோல். இந்தச் சுருக்கெழுத்தை நம் கை பழகிக்கொண்டது. இதை நம் கை மறக்க வேண்டும் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

இந்தப் பழக்கத்துக்கு அடங்காத ஒருத்தியைக் கல்கி படைத்தார். பொன்னியின் செல்வனில் வரும் மந்தாகினி தேவி. காது கேளாது, பேச வராது. ஆனால் ஈழத்தில் அருள்மொழிவர்மனைக் காப்பவள் அவள்தான். தன் கதையை அவனுக்குச் சித்திரங்களால் சொல்பவளும் அவள்தான். நம் தொழிலைச் செய்தவள், ஓவியர்களே! படகோட்டும் அண்ணன் மகள் பூங்குழலியோடு கைச்சாடையில் பேசுவாள். அந்த இருவரையும் வரைய நேர்ந்தால் என்னென்ன யோசிக்க வேண்டும்? இருவரும் முகம் பார்த்து நிற்க வேண்டும். வெளிச்சம் கைகளில் விழ வேண்டும். புருவமும் உதடும் சேர்ந்துதான் சைகை, ஆகவே முகம் சும்மா இருக்க முடியாது. இரண்டு கையாலும் துடுப்பைப் பிடித்துக்கொண்டு பூங்குழலி அத்தையிடம் நீளமாகக் கதை சொல்வதாக வரைந்தால், அவள் ஊமையாகிவிடுகிறாள். மரியாதை என்பது இப்படிப்பட்ட இடத்தில்தான் தொடங்குகிறது, கைகள் ஓய்வாக இருக்கின்றனவா என்று பார்ப்பதில்.

ஊன்றுகோலுக்கு வருகிறேன். நம் படங்களில் கக்கத்தில் கட்டையைச் செருகி, மொத்த உடம்பும் அதில் தொங்குகிறது. அப்படியே நடந்தால் கக்கத்தில் ஓடும் நரம்பு நசுங்கிக் கை மரத்துப்போகும். பாரம் இறங்குவது உள்ளங்கையில். மேல்பட்டைக்கும் கக்கத்துக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்கும், முழங்கை லேசாக மடங்கியிருக்கும். ஆண்டுக்கணக்கில் ஊன்றி நடப்பவருக்குத் தோளும் முன்கையும் திரண்டிருக்கும். நாமோ குச்சிக் கைகளை வரைகிறோம். மனிதரைப் பார்க்காமல் நம் மனத்தில் இருக்கும் பரிதாபத்தைப் பார்த்து வரைவதால் வரும் பிழை இது.

ஒற்றைக் கைத்தடி என்றால், பலமில்லாத காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிப்பதே வழக்கமான முறை. முதல் பக்கத்தில் வலது கால் என்று முடிவெடுத்தால் கடைசிப் பக்கம் வரை வலது கால்தான். பக்கம் அமைப்பவர் அழகுக்காகக் கணினியில் படத்தை இடம் வலமாகத் திருப்பினால் கால் மாறிவிடும், தடி மாறிவிடும். பதிப்பாசிரியர்கள் இதைக் கவனியுங்கள். அந்தப் புத்தகத்தில் தன்னைத் தேடும் குழந்தை முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடும்.

சக்கர நாற்காலியிலும் இதே கதைதான். மருத்துவமனை வராந்தாவில் கிடக்கும் நாற்காலி எவருடையதும் அல்ல. அகலமான இருக்கை, உயர்ந்த கைச்சட்டம், பின்னால் தள்ள ஓர் ஆள். தனக்கென்று அளவெடுத்து வாங்கியதில் முதுகுப்பட்டை தாழ்ந்திருக்கும், கைச்சட்டம் பல நேரம் இருக்காது. சக்கரத்தின் வெளிப்பக்கம் ஒட்டியிருக்கும் வளையத்தைத்தான் கை தள்ளும். நம் ஊர்த் தெருவை வரைகிறவர்கள் இன்னொரு வண்டியையும் மறக்கக் கூடாது: பின்னால் இரண்டு பக்கமும் சக்கரம் இணைத்த ஸ்கூட்டர். அரசு வழங்கும் அந்த வண்டியில் ஊன்றுகோலைப் பக்கவாட்டில் செருகி, காய்கறிப் பையை முன்னால் மாட்டி, பிள்ளையைப் பின்னால் ஏற்றிப் பள்ளிக்கூடத்தில் விடப்போகும் அப்பாவை எந்த ஊரிலும் பார்க்கலாம். நம் சிறுவர் நூல்களில் அவர் எங்கே போனார்?

நம் வாழ்க்கை தரையோடு ஒட்டியது. ஜெய்ப்பூரில் 1968-ல் மருத்துவர் பி.கே.சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் உருவாக்கிய ரப்பர்ச் செயற்கைப் பாதம் அதற்காகவே பிறந்தது. செருப்பில்லாமல் வயலில் நடக்கலாம், குந்தி உட்காரலாம், சம்மணம் போடலாம். வெளிநாட்டு காமிக்ஸைப் பார்த்து, வளைந்த கார்பன் தகட்டை நம் உழவரின் காலில் மாட்டாதீர்கள். அது ஓடுகளத்துக்கானது. காலைத் தாங்கும் சட்டமான காலிப்பரை எடுத்துக்கொண்டால், பழைய வகையில் அது காலணியோடு சேர்ந்தே இருக்கும். கோயில் வாசலில் செருப்பைக் கழற்று என்றால் காலையே கழற்றச் சொல்வதுபோல. இந்த ஒரு காட்சியில் ஒரு முழுச் சிறுகதை இருக்கிறது. யாராவது எழுதி வரையுங்கள்.

காலத்தையும் பாருங்கள். இன்றைய முதல் வகுப்பில் போலியோவால் கால் சூம்பிய சிறுமியை உட்காரவைத்துக் கதைகள் வருகின்றன. இந்தியாவில் இயற்கையான போலியோ வைரஸ் கடைசியாக ஒரு குழந்தையைத் தாக்கியது 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தில். 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடு என்ற சான்றும் கிடைத்துவிட்டது. தொடையைக் கையால் அழுத்திக்கொண்டு நடக்கும் அந்த நடை, சிறுமியுடையதைவிட அவளுடைய ஆசிரியருடையதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சிறுமிக்கு மூளை முடக்குவாதம் இருக்கலாம், தசைச் சிதைவு இருக்கலாம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. நம் ஓவியத்தில் நான்கைத் தாண்டவில்லை.

துல்லியம் மட்டும் போதுமா என்று கேட்பீர்கள். போதாது. ஓவியர் பிரூகல் 1568-ல் ஆறு பார்வையற்றவர்களை வரைந்தார். ஒருவருக்குக் கருவிழியில் வெண்படலம், இன்னொருவருக்குக் கண்குழியே காலி. மருத்துவர்கள் அந்த முகங்களைப் பார்த்து நோயின் பெயரைச் சொல்லும் அளவுக்குத் துல்லியம். ஆனால் ஒருவர் பின் ஒருவராகப் பள்ளத்தில் விழுவதற்கென்றே அவர்கள் அந்தப் படத்தில் இருக்கிறார்கள். அடுத்த நூற்றாண்டில் வெலாஸ்க்வெஸ், ஸ்பெயின் அரசவை வேடிக்கைக்காக வைத்திருந்த குள்ள மனிதர் செபாஸ்தியான் தெ மோராவை வரைந்தார். தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, கைகளை மூடி இடுப்பருகே வைத்து, நம்மை நேராகப் பார்க்கிறார். எதற்கும் உவமை இல்லை, யாருக்கும் பாடம் இல்லை. இவர் யார் என்று கேட்கத் தோன்றுகிறது. எனக்கு அந்தப் படம்தான் வழிகாட்டி.

சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில், ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார், டோக்கியோவில் வெள்ளி, பாரிசில் வெண்கலம். அவரைக் கொண்டாடுவோம். ஆனால் பதக்கம் வாங்கினால்தான் படத்தில் இடம் என்றால், அது பரிதாபத்தின் மறுபக்கம். சோம்பேறியான, கோபக்காரியான, தம்பியிடம் முறுக்கைப் பிடுங்கித் தின்கிற காக்ளியர் கருவிச் சிறுமி ஒருத்தி நமக்கு வேண்டும். அந்தக் கருவியின் வட்டத்தகடு காதுக்குள் இருக்காது, காதுக்குப் பின்னால் மண்டையின்மேல் ஒட்டியிருக்கும் என்பதும் சரியாக வேண்டும்.

திரைப்படச் சித்தரிப்பு பற்றி உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் சொன்ன தீர்ப்பு, மாற்றுத்திறனாளிகளைப் பற்றிய படைப்பில் அவர்களும் பங்கு பெற வேண்டும் என்கிறது. ஓவியத்துக்கும் அது பொருந்தும். ஆகவே என் கோரிக்கை இது. மை ஏற்றிய பிறகு காட்டினால், பாவம் உழைத்திருக்கிறாரே என்று நினைத்து ‘நல்லா இருக்கு’ என்று சொல்லிவிடுவார்கள். பென்சில் கோடாக இருக்கும்போதே நீங்கள் வரையும் கருவியோடு வாழும் ஒருவரிடம் கொண்டுபோய் உட்காருங்கள். அவர் செலவழிக்கும் நேரத்துக்குப் பதிப்பகம் பணம் கொடுக்கட்டும். எழுத்தாளர், ஓவியர் பெயர்களுக்குக் கீழே அவர் பெயரும் அச்சாகட்டும்.