பொட்டலம் பிரிக்கும் கருவியும் பழுது பார்ப்போரும்



பட்டணத்து வேலைக்குப் போன மகன் கைப்பேசி வழியாக வீட்டுக்குப் பணம் அனுப்புகிறான். பள்ளிப் பிள்ளை வீட்டுப்பாடத்தை அதிலேயே ஆசிரியருக்கு அனுப்புகிறது. வழியில் தடங்கல் ஏற்பட்டால் அது எங்கே என்று கண்டுபிடிக்க வல்லுநர்களிடம் ஒரு கருவி உண்டு. அந்தக் கருவிக்கே பழுது வந்தால் யார் பார்ப்பது? இன்று நாம் பேசப்போவது அதைப் பற்றித்தான்.

கணினி வலையில் பெரிய செய்தி எதுவும் ஒரே மூட்டையாகப் போவதில்லை. சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிந்து போகிறது. ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒரு சீட்டு உண்டு. எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, உள்ளே எவ்வளவு சரக்கு இருக்கிறது என்பவை அதில் எண்களாக இருக்கும். போய்ச் சேரும் இடத்தில் பொட்டலங்களை வரிசைப்படுத்திச் சேர்த்தால், அனுப்பிய செய்தி முழுமையாகக் கிடைத்துவிடும்.

இந்தப் பொட்டலங்களைப் பிடித்து, சீட்டைப் படித்து, மனிதருக்குப் புரியும்படி காட்டும் நிரல்கள் உள்ளன. நிரல் என்பது கணினிக்கு எழுதித் தரும் கட்டளைத் தொகுப்பு. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் வான் ஜேக்கப்சன் முதலிய ஆய்வாளர்கள் 1988ஆம் ஆண்டில் எழுதிய நிரல் டி.சி.பி.டம்ப். பத்து ஆண்டுகள் கழித்து, 1998இல், ஜெரால்டு கோம்ப்ஸ் என்பவர் ஈத்தரியல் என்ற நிரலை வெளியிட்டார். கான்சஸ் நகரில் ஒரு சிறிய இணையச் சேவை நிறுவனத்தில் வேலை பார்த்தவர் அவர். விற்பனைக்கு இருந்த கருவிகள் விலை மிகுந்தவை; ஆகவே தாமே எழுதத் தொடங்கினார். 2006இல் அதன் பெயர் வயர்ஷார்க் என்று மாறியது.

இரண்டுமே திறந்த மூல நிரல்கள். அதாவது, உள்ளே எழுதியிருப்பதை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். காசு கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் பொதுச் சொத்துக்கு ஓர் ஆபத்து உண்டு. எல்லாருக்கும் உரியதை யாரும் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள். டி.சி.பி.டம்ப் நிரலுக்கு அந்த நிலை வந்தது. 1990களில் ஆளுக்கொரு படியை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு விதமாகத் திருத்தினார்கள். ஒருவர் நீக்கிய பிழை மற்றவர் படியில் அப்படியே கிடந்தது. 1999இல் சிலர் முன்வந்து அவற்றையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்துப் பராமரிக்கத் தொடங்கினர்.

பிழை எப்படி வருகிறது? பால் எடை போடும் கொட்டகையை நினைத்துக்கொள்வோம். வாளியில் 100 கிலோ இருக்கிறது என்று யாரோ சீட்டு எழுதி ஒட்டியிருந்தால், கிராணியார் அதை அப்படியே கணக்கில் எழுதுவாரா? தராசில் வைத்துப் பார்த்த பிறகுதானே எழுதுவார்! நிரலும் அப்படித்தான் இருக்க வேண்டும். 'உள்ளே 100 எழுத்து' என்று சீட்டு சொல்லும், இருப்பதோ 20. அளந்து பாராத நிரல் சீட்டை நம்பி 100 வரை படிக்கப் போகும். பொட்டலத்தைத் தாண்டி, கணினியின் நினைவகத்தில் பக்கத்தில் உள்ள வேறு எதையோ படித்துவிடும். நிரல் செயலிழந்து நிற்கலாம். கெட்ட எண்ணத்தோடு பொய்ச் சீட்டு எழுதி அனுப்பியவர், சில வேளைகளில் அந்த ஓட்டை வழியாகவே கணினிக்குள் நுழைந்துவிடவும் கூடும்.

இன்னொரு வகையும் உண்டு. 'அடுத்த பகுதி இத்தனை அடி தள்ளி இருக்கிறது' என்று சீட்டு சொல்லும். அந்த எண் சுழியமாக இருந்தால் என்ன ஆகும்? நிரல் ஓரடியும் நகராமல், வெட்டிய மரத்தையே திரும்பத் திரும்ப வெட்டுபவரைப் போல, முடிவில்லாமல் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நம் பெரியவர்கள் சொன்னது இங்கே எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள்!

இந்தப் பிழைகளை எப்படித் திருத்துகிறார்கள்? முதல் உதவி, பிழையைக் கண்டவரிடமிருந்து வருகிறது. 'நிரல் கெட்டுப்போயிற்று' என்று மட்டும் சொன்னால் பயனில்லை. எந்தப் பதிப்பு, என்ன செய்தபோது நின்றது என்று எழுதி, முடிந்தால் அந்தப் பொட்டலங்களைப் பதிந்த கோப்பையும் சேர்த்து அனுப்ப வேண்டும். அதில் கடவுச்சொல் போன்ற அந்தரங்கம் இல்லை என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். திருத்துபவர் அதே கோப்பைத் தம் கணினியில் ஓட்டி, அதே பிழையைத் தம் கண்ணால் காண்கிறார். பிறகு 'அளந்து பார்' என்ற கட்டளையை உரிய இடத்தில் சேர்க்கிறார். வேறொருவர் அதைச் சரிபார்க்கிறார். திருத்தம் சில நேரம் ஒரே வரிதான். அந்த வரி எங்கே வேண்டும் என்று காண்பதற்குத்தான் நாள் பிடிக்கும்.

பிழை தானாக வரும் வரை காத்திருப்பதும் இல்லை. நல்ல பொட்டலங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக எண்களை வேண்டுமென்றே மாற்றி, நிரல் தாங்குகிறதா என்று இயந்திரத்தைக் கொண்டே சோதிக்கிறார்கள். இத்தகைய தேடுதல்களின் பயனாக, 2017இல் வந்த டி.சி.பி.டம்ப் பதிப்பு ஒன்றில் மட்டும் எண்பதுக்கும் மேற்பட்ட பாதுகாப்புக் குறைகள் நீக்கப்பட்டன. இது வெட்கப்பட வேண்டிய செய்தி அன்று. லாலான் புல்லைத் தேடிப் பிடுங்குகிற தோட்டத்தில்தான் பிடுங்கிய கணக்கு இருக்கும்.

வயர்ஷார்க்கில் இன்னொரு காப்பும் உண்டு. பொட்டலத்தைப் பிடிப்பதற்குக் கணினியில் தனி அதிகாரம் வேண்டும். அந்த அதிகாரத்தை ஒரு சிறிய துணை நிரலிடம் மட்டும் கொடுத்துவிட்டு, பிரித்துப் படிக்கும் பெரிய நிரலை அதிகாரமில்லாமல் இயங்க விடலாம். சாவி வைத்திருப்பவர் கடிதத்தைப் பிரிப்பதில்லை. பிரிப்பவரிடம் சாவி இல்லை. அதனால், பிரிக்கும்போது ஏமாந்தாலும் சேதம் குறையும்.

ஒரு கண்டிப்பான சொல்லும் தேவை. பிறருடைய பொட்டலங்களை அனுமதியின்றிப் பிடிப்பது, பிறர் கடிதத்தைப் பிரிப்பதற்குச் சமம். மலேசியாவில் 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டம் அதைக் குற்றமாக்குகிறது. பழக விரும்பும் பிள்ளை தன் சொந்தக் கணினியில் மட்டும் பழகட்டும்.

நேயர்களே, இதில் நமக்கு என்ன இருக்கிறது? கைப்பேசி புதிய பதிப்பைக் கேட்கும்போது தள்ளிப்போடாமல் ஏற்றுக்கொள்வோம். யாரோ திருத்திய பிழைகள் அதில்தான் நம் வீட்டுக்கு வருகின்றன. லயத்துக் குழாயில் தண்ணீர் வராவிட்டாலும், 'தண்ணீர் இல்லை' என்று மட்டும் சொல்லாமல், எந்தக் குழாய், எந்த நாளிலிருந்து, எந்த நேரத்தில் என்று எழுதிக் கொடுப்போம். தெளிவாகச் சொன்ன குறை பாதி தீர்ந்த குறை. கணினி படிக்கும் நம் பிள்ளைகளும் திறந்த மூல நிரல்களைத் திறந்து படிக்கட்டும். அங்கே ஒரு திருத்தத்தைச் சேர்க்கப் பட்டம் கேட்பதில்லை, சான்றுதான் கேட்கிறார்கள். பொதுக் கருவி நிலைத்திருப்பது, குறையைச் சொல்ல ஒருவரும் திருத்த ஒருவரும் இருக்கும் வரையில்தான்.