சப்ளை போடும் முன்...
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

"என்னப்பா வேலை பார்க்கிறே?" என்று ஊரில் கேட்டால், "கம்ப்யூட்டர்" என்று ஒரே வார்த்தையில் தப்பித்துக்கொள்வேன். இங்கே அது நடக்காது. செயலாளர் பத்து நிமிடம் கொடுத்துவிட்டார்!

நூற்றுக்கணக்கான சர்வர்களையும் அவற்றில் உள்ள ஹார்ட் டிஸ்க்குகளையும் பராமரிப்பதுதான் என் வேலை. ஒவ்வொரு சர்வராகப் போய் வேலை செய்தால் ஆயுள் போதாது. அதற்காகவே கருவிகள் இருக்கின்றன. இரண்டை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, 2012-இல் மைக்கேல் டிஹான் வெளியிட்ட ஆன்சிபிள். செய்ய வேண்டியதை ஒரு கோப்பில் எழுதிக் கொடுத்தால், எஸ்.எஸ்.எச். வழியாக எல்லா சர்வர்களிலும் அதுவே செய்துவிடும். மற்றொன்று, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் வளாகத்தில் சேஜ் வைல் தம் முனைவர் பட்ட ஆய்வில் உருவாக்கிய செஃப். பல சர்வர்களின் டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே பெரிய சேமிப்பிடமாக்குவது அது. வழக்கமான அமைப்பில் ஒவ்வொரு தகவலுக்கும் 3 பிரதிகள், மூன்று வெவ்வேறு சர்வர்களில் இருக்கும். ஒரு டிஸ்க் போனால், மிச்சமுள்ள பிரதிகளிலிருந்து இழந்ததை அதுவே மறுபடி உருவாக்கிக்கொள்ளும்.

இனி என் கதைக்கு வருகிறேன். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், 12 சர்வர்களுக்கு ஆளுக்கொரு டிஸ்க் கூடுதலாகப் போட்டோம். ஏற்கெனவே பயன்படுத்திய டிஸ்க்குகள். அவற்றை அழித்துவிட்டுச் சேர்க்க வேண்டும். ஒரு சர்வரில் பார்த்தேன், புது டிஸ்க்கின் பெயர் 'எஸ்.டி.சி.' அதையே கோப்பில் எழுதிவிட்டேன். பன்னிரண்டிலும் அப்படித்தானே இருக்கும் என்ற நினைப்பு!

கோப்பில் ஏற்கெனவே ஒரு வரி இருந்தது: ஒரு நேரத்தில் ஒரு சர்வர்தான், முடிந்ததும் கிளஸ்டர் நலமா என்று பார்த்த பிறகே அடுத்தது. "இது எதுக்குண்ணே? எடுத்துட்டா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுடும்" என்றேன். என் சீனியர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இருக்கட்டும் தம்பி, நமக்கு என்ன ரயிலா போகுது?" என்றார்.

நான்கு சர்வர்கள் நன்றாக முடிந்தன. ஐந்தாவதில் கிளஸ்டர் அபாய அறிவிப்பு கொடுத்தது. ஆன்சிபிள் அங்கேயே நின்றது. அந்தப் பெயர் டிஸ்க்குக்குச் சொந்தமானதல்ல. சர்வர் இயங்கத் தொடங்கும்போது எந்த டிஸ்க் முதலில் கண்ணில் படுகிறதோ அந்த வரிசையில் வைக்கப்படுவது. ஐந்தாவது சர்வரில் வரிசை மாறியிருந்தது. நான் அழித்தது பழைய டிஸ்க், தகவல் நிறைந்த டிஸ்க்!

மற்ற இரண்டு பிரதிகள் பத்திரமாக இருந்ததால் விடிவதற்குள் எல்லாம் சரியாயிற்று. பிறகு பார்த்தால், இன்னும் மூன்று சர்வர்களிலும் வரிசை மாறித்தான் இருந்தது. அந்த ஒரு வரியை எடுத்திருந்தால் நான்கு சர்வர்களில் ஒரே நேரத்தில் டிஸ்க் போயிருக்கும். மூன்று பிரதிகளும் அழிந்த தகவலை எந்தக் கருவி திருப்பித் தரும்? அன்று முதல் டிஸ்க்கை அதன் சீரியல் எண்ணைக் கொண்டே அடையாளம் காண்கிறேன்.

தம்பிகளே, இன்னொன்று. மூன்று பிரதி இருக்கிறதே என்று பேக்கப் எடுக்காமல் இருந்துவிடாதீர்கள். ஒரு கோப்பை நீங்களே தவறி அழித்தால் மூன்று பிரதியிலும்தான் அது அழியும். எடுத்த பேக்கப்பையும் அவ்வப்போது திருப்பி ஏற்றிப் பாருங்கள். திரும்பி வராத பேக்கப் வெறும் நம்பிக்கைதான்.

கருவி நம் திறமையை நூறு மடங்கு ஆக்கும். தவறையும் அப்படியே நூறு மடங்கு ஆக்கும். இதை எனக்கு முதலில் சொல்லிக் கொடுத்தது சர்வர் அறை அல்ல, நம் எலெக்ட்ரிகல் லேப். "கனெக்‌ஷனைக் காட்டாம சப்ளை போடாதே" என்று ஆசிரியர் சொல்லும்போதெல்லாம் மனசுக்குள் முணுமுணுத்தவன் நான். சார், அன்று முணுமுணுத்ததற்கு இன்று இந்த மேடையில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.