பாட்டன் ரத்தமா? பத்திரக் காகிதமா?

(பட்டிமன்றத் தலைப்பு: முன்னோர் வழியில் பிரிட்டிஷ் குடியுரிமை கேட்பவருக்குப் பெரிதும் கைகொடுப்பது ரத்த உறவா? காகிதச் சான்றா? ‘காகிதச் சான்றே’ என்ற அணியின் நிறைவுப் பேச்சு.)

மதிப்பிற்குரிய நடுவர் அய்யா அவர்களே! ரத்தம் கொதிக்கக் கொதிக்கப் பேசிவிட்டு, இப்போ தண்ணி குடிச்சு ஆத்திக்கிட்டிருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) இந்த அரங்கத்திலும், வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னாலும் அமர்ந்திருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே!

எனக்கு முன்னாலே பேசிய எதிரணி அம்மா ஒரு பழமொழி சொன்னாங்க. ‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ன்னு. கைதட்டலும் வாங்கிட்டாங்க. அய்யா, சமையல்கட்டுலே அது சரி. தூதரகத்து வாசல்லே ஏட்டுச் சுரைக்காய்தான் கறி! தோட்டத்துச் சுரைக்காயைக் கொண்டுபோய் நீட்டினா, ‘இது சுரைக்காய்தாங்கிறதுக்கு சர்டிபிகேட் இருக்கா?’ன்னு கேட்பான். (சிரிப்பு, கைதட்டல்)

ரத்த உறவே கிடையாதுன்னு எங்க அணி சொல்லலே அய்யா. எங்க கேள்வி ஒண்ணே ஒண்ணு. உரிமை கேட்டு வரிசையிலே நிக்கிறவனுக்குக் கதவைத் திறந்துவிடுறது எது?

நம்ம ஊர்லேயே ஆரம்பிப்போம். பெரம்பூர், போத்தனூர், பரங்கிமலை. ரயில்வே குடியிருப்பு இருந்த ஊர்லே எல்லாம் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் இருந்தாங்க. இப்பவும் இருக்காங்க. அவங்க வீட்டுச் சுவர்லே ஒரு வெள்ளைக்காரப் பாட்டனார் படம் தொங்கும். அந்தப் பாட்டனார் பிரிட்டனிலே பிறந்தவரா இருந்தா, பேரன் பேத்திக்கு ‘யு.கே. ஆன்செஸ்ட்ரி’ன்னு ஒரு விசா இருக்கு. காமன்வெல்த் நாட்டுக் குடிமகனா இருக்கணும். 17 வயசு ஆகியிருக்கணும். அங்கே போய் வேலை பார்க்கிற எண்ணமும் தெம்பும் இருக்கணும். 5 வருஷத்துக்கு விசா. அது குடியுரிமை இல்லே. குடியுரிமை வீட்டுக்குத் திண்ணை. பிறகு நிரந்தரமாத் தங்க அனுமதி கேட்கணும். அதுக்கும் பிறகுதான் குடியுரிமைக்கு மனு.

‘பாருங்க, பாட்டன் ரத்தம் ஜெயிச்சிடுச்சு’ன்னு எதிரணியிலே தலையாட்டுறாங்க. கொஞ்சம் பொறுங்கம்மா. அந்தப் பாட்டனார் அசல் இங்கிலீஷ்காரத் தாய் தகப்பனுக்குப் பிறந்தவர்தான். ஆனா பிரசவம் பெரம்பூர்லே நடந்திடுச்சுன்னு வையுங்க. விசா கிடையாது! அதே சமயம், அசல் கும்பகோணத்துத் தாய் தகப்பனுக்கு லண்டன்லே பிறந்த ஒரு பாட்டனார் இருந்தார்னா, அவர் பேரனுக்கு வழி உண்டு! இப்போ சொல்லுங்க, அங்கே ரத்தத்தையா பார்த்தான்? பிறப்புச் சான்றிதழ்லே ‘பிறந்த இடம்’னு ஒரு கட்டம் இருக்கே, அந்தக் கட்டத்தைப் பார்த்தான்! (கைதட்டல்)

அதுவும் பாட்டன் பாட்டியோட சரி. கொள்ளுப்பாட்டன் பிரிட்டனிலே பிறந்தவர்னா செல்லாது. ஏன், கொள்ளுப்பாட்டன் ரத்தம் காலாவதி ஆயிடுச்சா? (சிரிப்பு) இப்போ எச்சிலைத் துடைச்சு அனுப்பினா, ‘உங்க உடம்புலே இத்தனை சதவீதம் பிரிட்டிஷ் அம்சம்’னு சொல்ற மரபணுச் சோதனை எல்லாம் வந்திருக்கு. அந்தச் சதவீதத்தை விசா மனுவோட வைச்சுப் பாருங்க. அது வீட்லே சட்டம் போட்டு மாட்டிக்கத்தான் உதவும்.

அவன் கேட்கிறது என்ன? பாட்டனாரோட முழுப் பிறப்புச் சான்றிதழ். தகப்பனாரோட பிறப்புச் சான்றிதழ். உங்களோடது. கல்யாணத்துலே பேர் மாறியிருந்தா கல்யாணச் சான்றிதழ். ஒவ்வொண்ணும் ஒரு சங்கிலிக் கண்ணி. ஒரு கண்ணி அறுந்தா, ரத்தம் ஒழுகினாலும் ஒருத்தனும் எட்டிப் பார்க்க மாட்டான்.

நடுவர் அவர்களே, இனிமே நான் சொல்லப்போறது சிரிக்கிற விஷயம் இல்லே. தாய்மார்கள் கொஞ்சம் கவனிக்கணும்.

நம்ம ஊர்லே ‘தாய் காட்டத்தான் தகப்பன்’னு சொல்வாங்க. தாய் யாருங்கிறது ஊருக்கே தெரியும். தகப்பன் யாருங்கிறதைத் தாய் சொல்லித்தான் தெரிஞ்சுக்கணும். 1948ல் போட்ட பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டம் என்ன பண்ணுச்சு தெரியுமா? 1949 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்த அந்தச் சட்டம், வெளிநாட்டிலே பிறந்த பிள்ளைக்குத் தகப்பன் வழியா மட்டும்தான் குடியுரிமை குடுத்துச்சு. சந்தேகமில்லாத தாயை விட்டுட்டான். தாய் சொன்னாத்தான் தெரியுங்கிற தகப்பனைப் பிடிச்சுக்கிட்டான்!

ஒரு உதாரணத்துக்கு வைச்சுக்குங்க. லண்டன்லே பிறந்த அண்ணன் ஒருத்தன், தங்கை ஒருத்தி. அண்ணன் நம்ம சென்னைப் பெண்ணைக் கட்டிக்கிட்டான். தங்கை நம்ம சென்னைப் பையனைக் கட்டிக்கிட்டா. 1965ல், ஒரே ஆஸ்பத்திரியிலே, பக்கத்துப் பக்கத்துக் கட்டில்லே இரண்டு குழந்தை. அண்ணன் பிள்ளை பிறக்கும்போதே பிரிட்டிஷ் பிரஜை. தங்கை பிள்ளை இல்லை. அத்தை பிள்ளைக்கும் மாமன் பிள்ளைக்கும் ரத்தத்திலே என்னய்யா வித்தியாசம்? இரண்டு பேருக்கும் அதே தாத்தா, அதே பாட்டி! வித்தியாசம் சட்டப் புத்தகத்திலே ‘தகப்பன்’ங்கிற ஒரு வார்த்தையிலே இருந்துச்சு. (பலத்த கைதட்டல்)

இந்த அநியாயம் 1982 கடைசி வரைக்கும் நடந்துச்சு. 1981ல் புதுச்சட்டம் போட்டு, 1983 ஜனவரி 1லேருந்துதான் தாயும் தகப்பனும் சமம்னு ஆச்சு. அதுவும் அன்னியிலேருந்து பிறக்கிற பிள்ளைகளுக்குத்தான். அதுக்கு முன்னாலே பிறந்தவங்க?

1979 பிப்ரவரி 7ஆம் தேதி அரசாங்கம் ஒரு அறிவிப்புக் குடுத்துச்சு. பிரிட்டனிலே பிறந்த தாய்க்கு வெளிநாட்டிலே பிறந்த பிள்ளை, 18 வயசுக்குள்ளே இருந்தா பதிவு பண்ணிக்கலாம்னு. 18 தாண்டினவங்களுக்கு வழியில்லே. 2002ல் இன்னொரு சட்டம் வந்து, விட்டுப்போனவங்க பெரியவங்களான பிறகும் பதிவு பண்ணிக்கலாம்னு சொல்லுச்சு. ஆனா அந்தப் பழைய தேதியையே கோடாப் போட்டுச்சு. 1961 பிப்ரவரி 7க்குப் பிறகு பிறந்தவங்களுக்கு மட்டும்தான். பெரியம்மா பிள்ளை 6ஆம் தேதி பிறந்தான், கிடையாது. சித்தி பிள்ளை 8ஆம் தேதி பிறந்தான், உண்டு! ‘ரெண்டு நாள் பொறுத்துப் பிறக்கக் கூடாதாடா’ன்னு பெரியம்மா பிள்ளையைத் திட்ட முடியுமா? (சிரிப்பு) 2009ல் சட்டத்தைத் திருத்தி, 2010 ஜனவரியிலேதான் அந்தக் கோட்டை அழிச்சாங்க. 1949ல் பிறந்த பிள்ளைக்கு அப்போ வயசு 60. அம்மா நாட்டு உரிமையைக் கேட்க, அந்த அம்மா உயிரோட இருந்திருப்பாங்களா அய்யா?

இதிலேயும் ஒரு முடிச்சு. பழைய சட்டத்திலே, வெளிநாட்டிலே பிறந்த பிரிட்டிஷ் தகப்பன், தன் பிள்ளையையும் வெளிநாட்டிலே பெத்தா, ஒரு வருஷத்துக்குள்ளே தூதரகத்திலே பதிவு பண்ணி உரிமை வாங்கலாம். அதுவும் தகப்பனுக்குத்தான், தாய்க்குப் பதிவே கிடையாது. அப்புறம் தாய் வழி உரிமைன்னு வந்தபோது, ‘ஒரு வருஷத்துக்குள்ளே பதிவு பண்ணினீங்களா?’ன்னு கேட்டாங்க. கதவைப் பூட்டி வைச்சவனே, ‘நீ ஏன் உள்ளே வரலே?’ன்னு கேட்ட மாதிரி! அமெரிக்காவிலே 1978ல் பிறந்த ஒரு பெண்மணி வழக்குப் போட்டாங்க. உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 2018ல் தீர்ப்பு. நிறைவேத்த முடியாத அந்த நிபந்தனையை இவங்களுக்குப் பொருத்தக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. ஜெயிச்சது அந்த அம்மா. (கைதட்டல்)

தகப்பன் வழியும் எல்லோருக்கும் சுகமா அமையலே. தாய் தகப்பனுக்குக் கல்யாணம் ஆகலேன்னா, 2006 ஜூலைக்கு முன்னாலே பிறந்த பிள்ளைக்குத் தகப்பன் வழியே அடைபட்டுக் கிடந்துச்சு. 2015லேதான் அவங்களுக்குப் பதிவு பண்ணிக்கிற வழி வந்துச்சு. தகப்பன் ரத்தம் ஓடினா போதாது. தாலி கட்டின காகிதமும் வேணும்னு சட்டம் சொல்லிக்கிட்டிருந்தது!

இன்னொண்ணு. வெளிநாட்டிலே பிறந்து, பெத்தவங்க வழியா பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கினவங்க, தங்கள் பிள்ளையையும் வெளிநாட்டிலே பெத்தா, அந்தப் பிள்ளைக்குத் தானா வராது. பொதுவா ஒரு தலைமுறையோட நின்னு போகும். பிள்ளை பிறக்கிறதுக்கு முன்னாலே அந்தத் தாயோ தகப்பனோ 3 வருஷம் பிரிட்டனிலே வாழ்ந்திருந்தா, சில நிபந்தனையோட, 18 வயசுக்குள்ளே பதிவு பண்ண வழி உண்டு. வாழ்ந்ததுக்கு என்ன அத்தாட்சி? மறுபடியும் காகிதம்!

கடல் தாண்டிப் போன நம்ம சனங்களைப் பாருங்க. பினாங்கு, மலாக்கா இரண்டும் பிரிட்டிஷ் முடியாட்சியின் நேரடிக் குடியேற்றம். அங்கே பிறந்தவங்கள்லே நம்ம தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளும் உண்டு. 1957ல் மலாயா சுதந்திரம் வாங்கின பிறகும், பலருக்குப் பழைய பிரிட்டிஷ் குடிநிலை போகலே. 1983ல் அதுக்கு ‘பிரிட்டிஷ் கடல்கடந்த குடிமகன்’னு பேர் வைச்சான். பாஸ்போர்ட்லே பிரிட்டிஷ்னு இருக்கும். ஆனா பிரிட்டனுக்குப் போய் வாழ்கிற உரிமை கிடையாது! கல்யாணப் பத்திரிகையிலே பேர் இருக்கு, பந்தியிலே இலை இல்லே! (சிரிப்பு) இது புரியாம, 2000க்குப் பிறகு மலேசியர்கள் பல பேர் மலேசியக் குடியுரிமையைத் துறந்துட்டு, பிரிட்டனும் ஏற்காம, எந்த நாடும் இல்லாம நடுத்தெருவிலே நின்னாங்க. காகிதத்தை வைச்சிருந்தா மட்டும் போதாது, படிக்கவும் தெரியணும்.

அதே பிரிட்டிஷ் காலத்திலே இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன நம்ம மக்கள் கதை என்ன? 1948ல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், தகப்பனோ, இல்லேன்னா பாட்டனும் கொள்ளுப்பாட்டனுமோ அங்கே பிறந்ததுக்குச் சான்று கேட்டுச்சு. லயத்திலே பிறந்தவனுக்கு எங்கேய்யா சான்று? லட்சக்கணக்கான பேர் நாடற்றவங்க ஆனாங்க.

ஏன், பிரிட்டனுக்குள்ளேயே நடந்துச்சே! 1948ல் ‘விண்ட்ரஷ்’ கப்பல் வந்த காலத்திலேருந்து, கரீபியன் தீவுகள்லேருந்து போய் உழைச்சவங்க. 1973க்கு முன்னாலே வந்து குடியிருந்த அவங்களுக்கு அங்கேயே வாழ்கிற உரிமை சட்டப்படி இருந்துச்சு. ஆனா கையிலே காகிதம் இல்லே. பலருக்கு வேலை போச்சு. சிலருக்கு வைத்தியம் மறுத்தாங்க. சிலரை நாடு கடத்தினாங்க. 2018ல் அது பெரிய விவகாரமா வெடிச்சபோது என்ன தெரிய வந்தது? அவங்க வந்து இறங்கினதுக்கு அத்தாட்சியா இருந்த பழைய அட்டைகளை, 2010லேயே அரசாங்க இலாகாவே அழிச்சிருந்தது! உரிமை இருந்தது, உழைப்பு இருந்தது, உறவு இருந்தது. காகிதம் இல்லே. அதனாலே வாழ்க்கை இல்லே.

‘இவ்வளவு கொடுமை பண்ணின காகிதத்துக்கா வக்காலத்து வாங்குறே?’ன்னு எதிரணியிலே கேட்கலாம். நியாயமான கேள்வி. காகிதம் நல்லதுன்னு நான் சொல்லலே அய்யா. காகிதம்தான் தீர்மானிக்குதுன்னு சொல்றேன். அதிலே ஒரு நம்பிக்கையும் இருக்கு. ரத்தத்தை யாராலும் திருத்த முடியாது. காகிதத்தைத் திருத்தலாம்! 1948லே எழுதினதை 1981லே திருத்தினாங்க, 2002லே திருத்தினாங்க, 2009லே திருத்தினாங்க. யார் திருத்த வைச்சது? மனுப் போட்டவங்க, வழக்குப் போட்டவங்க, ‘என் தாய்க்கு ஏன் உரிமை இல்லே?’ன்னு கேட்டுக் கேட்டு ஓயாத பிள்ளைங்க. ரத்தபாசம் அழும் அய்யா. அழுகையை மனுவா எழுதினாத்தான் நீதி அசையும். (பலத்த கைதட்டல்)

குடும்பத்திலே இருக்கிறவங்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லி முடிக்கிறேன். வயசான தாத்தா பாட்டி இருக்கும்போதே, எங்கே பிறந்தீங்க, எந்தக் கோவில்லே, எந்த மாதா கோயில்லே கல்யாணம்னு கேட்டு எழுதி வையுங்க. பள்ளிச் சான்றிதழ்லே ஒரு இனிஷியல், பாஸ்போர்ட்லே ஒரு இனிஷியல்னு விடாதீங்க. ‘பாட்டன் பேரைச் சொன்னா பாஸ்போர்ட்’னு எவனாவது ஏஜெண்ட் வந்தா, பணத்தை எடுக்கிறதுக்கு முன்னாலே சட்டத்தைப் படிச்சவங்ககிட்டே கேளுங்க. அங்கே குடியுரிமையை விரும்பி வாங்கினா, இந்தியக் குடியுரிமை போயிடும். நம்ம சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்காது. அதையும் யோசிச்சுக் கையெழுத்துப் போடுங்க.

ஆகவே நடுவர் அவர்களே! ரத்தம் உறவைச் சொல்லும். காகிதம்தான் உரிமையை வாங்கித் தரும். தங்கள் தீர்ப்பையும் நாளைக்குப் புத்தகமாகக் காகிதத்திலேதான் அச்சடிக்கப் போறாங்க என்பதை மட்டும் நினைவுபடுத்தி (சிரிப்பு), முன்னோர் வழியில் குடியுரிமை கேட்பவருக்குப் பெரிதும் கைகொடுப்பது காகிதச் சான்றே, காகிதச் சான்றே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன். (பலத்த கைதட்டல்)